தேவம்மாவின் காடு

கௌதள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி மலைப்பக்கம் நடந்தால் தேவம்மாவின் ஊர். மழையை நம்பி உழுகிற நிலத்தை அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடியானவர்கள் காடு என்பார்கள். மரமும் மிருகமும் இருக்கிற நிஜக் காட்டுக்கு அவர்கள் பேச்சில் மலை என்று பெயர். "காட்டுக்குப் போறேன்" என்று ஒருத்தி சொன்னால் களை வெட்டப் போகிறாள் என்று அர்த்தம்.

தேவம்மாவுக்கும் அவள் புருஷன் லிங்கப்பனுக்கும் அப்படி ஒரு காடு இருந்தது. ராகி விதைப்பார்கள், நடுநடுவே அவரை, ஓரமெல்லாம் ஆமணக்கு. ஒரு கிணறு, இரண்டு புளியமரம், ஓர் ஆட்டுப்பட்டி. இடப்பக்கம் ஓடை. இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் தடத்தை இட்டேரி என்பது வழக்கம். அவர்களுடைய இட்டேரி பட்டியைத் தாண்டி மலையடிவாரத்துச் சுனைவரை போகும். ஆடுகள் தண்ணீர் குடிக்கப் போகிற வழி அது. அடுத்த காட்டை லிங்கப்பனின் தம்பி சென்னிமலை உழுதான். தேவம்மாவுக்குக் கனகா என்று ஒரே பெண். கன்னடப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மலைக்குள் சந்தனமரம் கடத்துகிற கூட்டம் ஒன்று இருந்தது. அவர்களைப் பிடிக்க அடிவாரமெங்கும் போலீஸ் முகாம் போட்டிருந்தார்கள். 1993-ல் ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் துப்பாக்கியோடு நாலு பேர் பட்டிக்கு வந்து ராகி மாவு கேட்டார்கள். லிங்கப்பன் வீட்டுக்குப் போய் ஒரு மூட்டை மாவைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தான். கொடுக்காவிட்டால் அவர்கள் சுடுவார்கள். கொடுத்தது தெரிந்தால் போலீஸ் விடாது. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும்.

அந்த வாரமே போலீஸ் வந்தது. புருஷனை ஒரு ஜீப்பிலும் பெண்சாதியை இன்னொரு ஜீப்பிலும் ஏற்றினார்கள். வண்டி கிளம்பும்போது லிங்கப்பன் எட்டிப் பார்த்து, "ஆட்டை அவுத்து உட்டியா?" என்று கேட்டான். தேவம்மா இல்லை என்று தலையசைத்தாள். அதற்குப் பிறகு அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தப்பி ஓடிவிட்டான் என்றார் ஓர் அதிகாரி. அப்படி ஒருத்தனைப் பிடிக்கவே இல்லையே என்றார் இன்னொருவர். முகாமில் தனக்கு நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அங்கிருந்து மைசூர் ஜெயிலுக்குக் கொண்டுவந்தபோது அவளுடைய வலது காது கேட்கவில்லை.

தடா சட்டத்தில் வழக்குப் போட்டிருந்தார்கள். ஜாமீன் கிடையாது. அவளைப் போலவே அந்த மலைப்பக்கத்திலிருந்து வந்த பெண்கள் வேறு சிலரும் அங்கே இருந்தார்கள். அவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். தேவம்மாவுக்கு அதுவும் வரவில்லை. காலையில் முகம் கழுவிவிட்டு, குங்குமத்தைத் தொட்ட விரலோடு அப்படியே நின்றுவிடுவாள். வைப்பதா, வேண்டாமா?

"இருக்கானா, செத்தானா உன் புருஷன்?" என்று ஒரு நாள் ஒருத்தி நேராகவே கேட்டாள்.

கேட்டவள் மல்லம்மா. மேற்கே, நெல் விளைகிற சாகர் பக்கத்துக்காரி. தேவம்மாவைவிடப் பத்து வயது இளையவள். புருஷனின் அண்ணனை அரிவாளால் வெட்டியதற்கு ஆயுள் தண்டனை. வெட்டியதை அவள் மறுத்ததே இல்லை. "அவன் கை வெச்சான், நான் வெட்டினேன்" என்பாள், அவ்வளவுதான். அவளுக்குத் தமிழ் தெரியாது. தேவம்மாவுக்கோ கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் கன்னடத்தில்தான்.

"தெரியாது" என்றாள் தேவம்மா.

"தெரியாதுன்னா வெச்சுக்கோ. செத்தது தெரிஞ்ச பிறகு அழிக்கலாம். வா, அரிசி அரைக்கணும். என் கையில் கொப்புளம்."

தசரா முடிந்து வருகிற பௌர்ணமியை மல்லம்மாவின் ஊரில் பூமி ஹுண்ணிமெ என்பார்கள். கதிர் முற்றி நிற்கிற வயல் அன்றைக்கு மாசமான பெண். அவளுக்குச் சோறு கொண்டுபோகிற கூடையில் படம் எழுதுவார்கள். சித்தாரா என்று அதற்குப் பெயர். ஜெயிலில் கூடை ஏது? சுவரில் எழுத மல்லம்மா அனுமதி வாங்கியிருந்தாள். மேலதிகாரி யாரோ பார்வையிட வருவதாக இருந்ததால் அனுமதி சுலபமாகக் கிடைத்தது.

செம்மண்ணைக் கரைத்துச் சுவரில் பூசினார்கள். ஊறவைத்த அரிசியை அரைத்து வெள்ளை. அரிசியையே கருக வறுத்து அரைத்தால் கறுப்பு. மஞ்சளுக்கு மஞ்சள்பொடி. சாக்குப்பையிலிருந்து சணல் நாரை உருவி, நுனியைப் பல்லால் கடித்துப் பிரித்து மல்லம்மா தூரிகை செய்தாள். பிறகு சுவரின் ஒரு மூலையிலிருந்து இழுக்கத் தொடங்கினாள். கோடு நடுங்காமல் போனது. அதன் பக்கத்தில் இன்னொரு கோடு, அதன் பக்கத்தில் இன்னொன்று. ஏர் ஓட்டிப் போகிறவன் பின்னாலேயே இன்னொருவன் ஓட்டிப் போவதுபோல இருந்தது. தேவம்மா அரைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு கோடு குடு" என்றாள்.

மல்லம்மா நல்ல வாத்தியார் இல்லை. பொறுமை கிடையாது. தேவம்மா இழுத்த முதல் கோட்டைப் பார்த்து, "இது என்ன, பாம்பு செத்துக் கிடக்கிற மாதிரி?" என்று ஈரத்துணியால் துடைத்தாள். அடுத்ததையும் துடைத்தாள். அன்றைக்கு முழுக்கத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பௌர்ணமி போய், பொங்கலும் போன பிறகுதான் ஒரு கோடு துடைபடாமல் நின்றது. அதற்குள் தேவம்மாவுக்குச் சில விஷயங்கள் பிடிபட்டிருந்தன. விரலால் இழுக்கக் கூடாது, தோளிலிருந்து இழுக்க வேண்டும். கோடு முடிகிறவரை மூச்சு விடக் கூடாது. முதலில் நாலு பக்கமும் சட்டம் போட்டுவிட்டுத்தான் உள்ளே எதுவும். எல்லாவற்றுக்கும் மேலே மல்லம்மா திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று: "ஒண்ணு இன்னொண்ணை மறைக்கக் கூடாது. மரத்துக்குப் பின்னால மாடு நின்னா, மாட்டைத் தள்ளி நிறுத்து. எல்லாம் தெரியணும்."

நெற்கதிர், தேர், ஏணி, மாடு, மணப்பெண் என்று ஒவ்வொன்றுக்கும் சித்தாராவில் கோடு உண்டு. தேவம்மா கற்றுக்கொண்டாள். ஆனால் நெல் அவள் காட்டில் விளையாதது; அதை எழுத அவளுக்கு மனம் ஒட்டவில்லை.

"ராகிக்கு என்ன கோடு?"

"ராகிக்கா? எங்க பக்கம் ராகியை யார் எழுதுவா?"

தேவம்மா கொஞ்சநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு தண்டு இழுத்து, அதன் தலையில், பாதி மடக்கிய விரல்களைப் போல அஞ்சு வளைவு போட்டாள். மல்லம்மா துணியை எடுத்தாள். பார்த்தாள். துடைக்காமல் கீழே வைத்தாள்.

ஜெயிலில் கைதிகள் செய்த சாமான்களைத் தசரா பொருட்காட்சியில் விற்பனைக்கு வைப்பார்கள். 1995-ல் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஒட்டுப்பலகை கிடைத்தது. மல்லம்மா, தன் ஊரில் கல்யாண வீட்டில் எழுதுகிற கல்யாணச் சுவரை எழுதினாள். தேவம்மா தன் காட்டை எழுதினாள்.

கிணற்றை மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற வட்டமாக நடுவில் போட்டாள். அதைச் சுற்றி உழவுச் சால்கள், வரிசை வரிசையாக ராகி, நடுவில் அவரைக் கொடி. புளியமரங்கள் இரண்டும் எதையும் மறைக்காமல் இரண்டு பக்கமும் சாய்ந்து படுத்திருந்தன. பட்டிக்குள் ஆடுகள். இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை மூன்று கோட்டில் ஓடை. மேல் ஓரத்தில், அவளுடைய ஊரிலிருந்து பார்க்கையில் மலை எப்படித் தெரியுமோ அப்படியே, ஒரு முகடு உயர்ந்து, அடுத்தது உடைந்து. இட்டேரி பட்டியைத் தொட்டுக்கொண்டு மலையைப் பார்த்துப் போய்ச் சட்டத்தில் முடிந்தது. அந்தப் பலகை முடிகிறவரை அவள் ராத்திரியில் தூங்கினாள். வந்த நாளாக அவள் அப்படித் தூங்கியதில்லை.

ஆள் மட்டும் யாரும் இல்லை. "மனுஷங்க எங்கே?" என்று மல்லம்மா கேட்டதற்கு, "சாப்பிடப் போயிருக்காங்க" என்றாள்.

பொருட்காட்சியில் கடையைப் பார்த்துக்கொண்ட வார்டன்களில் லீலாவும் ஒருத்தி. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி; அவள் தமிழில் பாதி கன்னடம் கலந்திருக்கும். நடந்ததை அவள்தான் வந்து சொன்னாள்.

"தேவம்மா, உன் படத்த ஒருத்தர் எடுத்துட்டுப் போய்ட்டாரு. காசு குடுத்து அல்ல. போலீஸ் சாகேப்ரு. மொதல்ல உங்க மலைப்பக்கம் கேம்ப்ல இருந்தவராம். பொண்டாட்டி புள்ளைங்களோட வந்தாரு. படத்துக்கு முன்னாடி நின்னவரு நகரவே இல்ல. எனக்கு பய ஆகுது நோடு."

அந்த வாரத்திலேயே தேவம்மாவை ஜெயில் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் அவளுடைய பலகை கிடந்தது. அந்த அதிகாரி கன்னடத்தில் கேட்டார். ஜீப்பில் ஏறிய நாளுக்குப் பிறகு காக்கிச்சட்டைக்கு முன்னால் அவளுக்குக் கன்னடம் வாயில் வராமல் போயிருந்தது. தமிழில்தான் பதில் வந்தது. லீலா பக்கத்தில் நின்று அதைக் கன்னடத்தில் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இது எந்த இடம்?"

"எங்க காடுங்க."

காடு என்ற சொல் கன்னடத்திலும் உண்டு. அங்கே அதற்கு நிஜக் காடு என்ற அர்த்தம்தான். லீலா வாயைத் திறப்பதற்குள் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"காடா? காட்டுக்குள்ளே உனக்கு என்ன வேலை?"

"சார், அவங்க ஊர்ல வயலைத்தான் அப்படிச்..." என்று ஆரம்பித்தாள் லீலா.

"உன்னைக் கேட்டேனா?" என்றவர், தேவம்மாவின் பக்கம் திரும்பினார். "மேலேயிருந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கிறாயே. மேப் எழுத உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

"மேப்புன்னா என்னனு தெரியிலீங்க. எல்லாந் தெரியற மாதிரிப் போடோணும்னு சொன்னாங்க, போட்டனுங்க."

"இந்த வழி எங்கே போகிறது?"

"அது இட்டேரிங்க. ஆடு தண்ணிக்குப் போறதுங்க."

"தண்ணி எங்கே?"

"சுனைங்க. அடிவாரத்துல."

"சுனை இதில் இல்லையே. எல்லாம் தெரிய வேண்டும் என்றாயே. சுனையை மட்டும் ஏன் மறைத்தாய்?"

தேவம்மா பலகையைப் பார்த்தாள். "பலகை முடிஞ்சு போச்சுங்க" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. அடிக்கவும் இல்லை. பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று முழுவதும் தேவம்மா, அடி விழாமல் போனதே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அடி வேறோர் இடத்தில் விழுந்திருந்தது. போலீஸ் இட்டேரி வழியாகப் போய்ச் சுனையைக் கண்டுபிடித்தார்கள். சுனைக்கரையில் மூன்று கல் அடுப்பும் சாம்பலும் இருந்தன. ஆடு மேய்க்கிறவர்கள் அங்கே வழக்கமாகக் களி கிண்டுவார்கள். யாருக்குச் சமைத்தாய் என்று கேட்டு, பக்கத்துக் காட்டுக்காரனான சென்னிமலையைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மார்கழியில் அவன் ஜெயிலில் மனுக் கொடுத்து அவளைப் பார்க்க வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு நின்றான்.

"கையி என்னாச்சு, தம்பி?"

"ஒண்ணுமில்லீங்க அண்ணி."

"காட்டு."

துண்டை விலக்கினான். விரல்கள் நாலும் உடைந்து தாறுமாறாகக் கூடியிருந்தன. மடங்கவில்லை.

"ஏர் புடிக்க முடியிலீங்க" என்றான். "மேழிய ரண்டு கையிலயும் புடிச்சாத்தானே? ஆடெல்லாம் வித்தாச்சு. கனகாவ நா பாத்துக்கறேன், நீங்க வெசனப்படாதீங்க." துண்டை மறுபடி கையில் சுற்றிக்கொண்டான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்: "அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இனிமே நம்ம காட்டப் படமாப் போடாதீங்க."

தேவம்மா உள்ளே வந்து மல்லம்மாவிடம் சொன்னாள். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தாளோ என்னவோ. மல்லம்மாவுக்குக் கோபம்தான் வந்தது.

"வழியை ஏன் எழுதினே? சித்தாராவுல வழியே கிடையாது. நான் சொல்லிக் குடுத்தேனா வழி?"

"எல்லாம் தெரியணும்னு சொன்னது நீதானே?"

"வயலைச் சொன்னேன். ஊரைக் காட்டிக் குடுக்கச் சொன்னேனா?"

தேவம்மா தூரிகையை ஒடித்து வீசினாள். நார்த் தூரிகை ஒடியாது, வளைந்தது. காலால் மிதித்தாள். அதன் பிறகு வெகுநாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. பக்கத்துப் பக்கத்துப் பாயில் முதுகைத் திருப்பிக்கொண்டு படுத்தார்கள்.

ஆனால் படம் எழுதாமல் இருக்க அவளை விடவில்லை. மல்லம்மாவின் கல்யாணச் சுவர் விற்றுப்போயிருந்தது. அடுத்த தசராவுக்கு இன்னும் வேண்டும், இரண்டு பேரும் எழுதவேண்டும் என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்கிற இடம் இல்லை அது. தேவம்மா பலகைக்கு முன்னால் உட்கார்ந்து நாலு பக்கமும் சட்டம் போட்டாள். பிறகு ஓடையை வலப்பக்கம் இழுத்தாள். கிணற்றை ஒரு மூலைக்குத் தள்ளினாள். புளியமரத்துக்குப் பதில் தென்னை. ராகி இல்லை, நெல். மலையை வழவழவென்று உருண்டையாக்கினாள். இட்டேரி கிடையாது. அப்படி ஒரு காடு எந்த ஊரிலும் இல்லை.

மல்லம்மா அதைப் பார்த்துவிட்டு, "கோடு நல்லா வந்திருக்கு" என்றாள். அவர்கள் மறுபடியும் பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அந்தப் படம் உடனே விற்றது. அப்படியே இன்னொன்று வேண்டும் என்று கேட்டார்கள். அப்படியே எழுதினாள். வருஷா வருஷம் எழுதினாள். கண்ணை மூடிக்கொண்டே வலப்பக்கத்து ஓடையை இழுக்கிற அளவுக்குக் கை பழகிப்போனது. நடுவில் ஒருமுறை சென்னிமலை வந்து, கனகாவுக்குக் குண்டலுபேட்டைப் பக்கம் கல்யாணம் முடிந்துவிட்டது என்றான். "ஊர்ல பேச்சு ஒரு மாதிரி இருந்துச்சுங்க அண்ணி. அப்பன் இல்ல, அம்மா ஜெயில்ல. நல்ல எடமா வந்துச்சு, தள்ளிப் போட முடியில." பெண்ணுக்குப் பதினைந்து வயது. தேவம்மா தலையாட்டினாள். அன்றைக்கும் பலகை முன்னால் போய் உட்கார்ந்தாள்.

1999-ல் அவளுக்கு ஜாமீன் கிடைத்தது. குற்றமில்லை என்று யாரும் சொல்லவில்லை. வழக்கு முடியவும் இல்லை. மைசூரில் வாராவாரம் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு அன்றைக்கே சென்னிமலையோடு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

காட்டில் உழவு விழுந்து வருஷங்கள் ஆகியிருந்தன. உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக்கிடந்தது. கிணற்றின் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதையெல்லாம் அவள் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். பட்டி இருந்த இடத்தில் நின்றவள், வலப்பக்கமாகப் புதரை விலக்கிக்கொண்டு நடந்தாள். கொஞ்சதூரம் போய் நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

"ஓடைய மூடிட்டாங்களா தம்பி?"

"ஓடையா? ஓடை இக்கட்டயில்லீங்க." சென்னிமலை இடப்பக்கம் கையை நீட்டினான். "அக்கட்ட இருக்குதுங்களே."

"அது எப்படி? இங்கதான..."

"எப்பவும் அக்கட்டதானுங்க அண்ணி."

அவள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். தண்ணீர் இல்லாத ஓடையின் மணல், அவன் சொன்ன பக்கத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. தேவம்மா அப்படியே உண்ணிச்செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். மாவு மூட்டையோடு லிங்கப்பன் வந்து நின்ற இடத்தை நினைத்துப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் தென்னைமரம் நின்றது. அந்தக் காட்டில் தென்னை ஏது? மறுபடி நினைத்தாள். மறுபடியும் தென்னைதான் வந்தது. சென்னிமலை வெயிலில் நின்றபடி, அண்ணி ஏன் இப்படித் தலையில் அடித்துக்கொள்கிறாள் என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் ஊரில் தங்கவில்லை. கையெழுத்து இருந்தது. மைசூரிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவவும் காய் நறுக்கவும் சேர்ந்துகொண்டாள். தங்கிக்கொள்ள மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள். கனகா கைக்குழந்தையோடு ஒருமுறை வந்து பார்த்தாள். கன்னடம்தான் பேசினாள். தமிழ் கொஞ்சம் மறந்துவிட்டது என்று சங்கடமாகச் சிரித்தாள். தேவம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அவளோடு கன்னடத்திலேயே பேசினாள்.

முகூர்த்தம் இல்லாத ஒரு நாளில் நஞ்சன்கூடு ரசவாழை ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு மல்லம்மாவைப் பார்க்கப் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் மல்லம்மா இளைத்திருந்தாள். முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது.

"கோடு போடறயா?" அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"இல்லை."

"ஏன்?"

"மண்டபத்துல வேலை அதிகம்."

"பொய் சொல்லாதே. கை போய்டுச்சா?"

"கை இருக்கு. எழுத உட்கார்ந்தா பழசு எதுவும் சரியா வரலை மல்லம்மா. எது நிஜம், எது நான் எழுதினதுன்னு தெரியலை. இன்னும் எழுதினா மிச்சம் இருக்கிறதும் போய்டும்."

மல்லம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள். "எத்தனை துணி நனைச்சுத் துடைச்சேன் உனக்கு!" என்றாள். பிறகு பார்வை நேரம் முடிவதற்கு முன்பே திரும்பி உள்ளே போய்விட்டாள்.

தேவம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். லீலா வந்து பழத்தை வாங்கிக்கொண்டாள்.

"நா குடுத்துடறேன். அவ அப்டித்தான், உனக்கு கொத்தில்லையா, தெரியாதா? உன்ன விட்டா அவளப் பாக்க யாரும் வர்றதில்ல. அடுத்த வாரமும் வா."

அடுத்த வாரம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே அங்கே போனாள். மல்லம்மா வந்து நின்றாள். படத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. வெளியே மழை உண்டா என்று மல்லம்மா விசாரித்தாள். மைசூரில் தூறல்தான், தன் ஊரை ஒட்டிய ஹனூர்ப் பக்கம் நல்ல மழை என்று கேள்வி என்றாள் தேவம்மா.